எலிக்காய்ச்சல் குளிசை போட்டும் காய்ச்சல் வந்தால் அதைப் போடுவானேன்?

கேள்வி: எனக்கு 38 வயது. ஒட்டுசுட்டான் பக்கம் 4 ஏக்கர் கமம் செய்கிறேன். காலபோகத்துக்கு முதல் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா எலிக்காய்ச்சலுக்கு என்று டொக்ஸிசைக்ளின் தந்தவர், கிழமைக்கு 2 குளிசை. விடிய எழும்பி அதைப் போட்டுவிட்டு வயலுக்குப் போனால் நெஞ்சு எரியுது. போன வருசம் ஒழுங்காகப் போட்ட பக்கத்து வயல்காரருக்கும் காய்ச்சல் வந்து வாட்டில் கிடந்தவர். பிறகு இதைப் போட்டு என்ன பிரயோசனம்? பூட்ஸ் போட்டுச் சேற்றுக்குள் நடக்கவும் ஏலாது. மனைவியும் புல்லுப் பிடுங்க வாறவ. 8 மாதப் பிள்ளை பால் குடிக்குது. அவவும் போடலாமா?

பதில்: முதலில் நெஞ்செரிவு. டொக்ஸிசைக்ளின் கரையும்போது புளிப்புத்தன்மை கூடியது. வெறும் வயிற்றில் இரண்டு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கினால் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். விழுங்கின கையோடு நீங்கள் குனிந்து வரம்பு கட்டப் போகிறீர்கள். வயிற்றுக்குள் போனதும் மேலே ஏறுகிறது. மத்தியானம் அல்லது இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, 100 மில்லிகிராம் குளிசை இரண்டையும் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். அதன் பிறகு ஒரு மணித்தியாலமாவது படுக்கவோ குனிந்து வேலை செய்யவோ வேண்டாம். பால்தேத்தண்ணி, வயிற்றெரிவு மருந்து, இரும்புச்சத்துக் குளிசை எதுவும் கூட வேண்டாம், மருந்து உடம்பில் சேருவது குறைந்துபோகும். 2 மணித்தியாலம் தள்ளி எடுங்கள். கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதே நாளில் போடுங்கள். இந்தக் குளிசை போடும் காலத்தில் வெயில் தோலைச் சுடும், ஆகவே நீட்டுக்கைச் சட்டை நல்லது.

இனி, பிரயோசனம் என்ன என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். 1984இல் வெளியான ஆய்வொன்றில், பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரில் பாதிப் பேருக்கு இதே 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறை கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. ஆனால் அவர்கள் சில கிழமை மட்டும் காட்டில் நின்றவர்கள். உங்கள் நிலைமைக்குக் கிட்ட வருவது 2000ஆம் ஆண்டில் வெளியான அந்தமான் தீவு ஆய்வு. அங்கே 782 பேரில் கிருமி தொற்றிய அளவு இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நோயாக வெளிப்பட்டதுதான் வித்தியாசம்: மருந்து எடுத்தவர்களில் 100க்கு 3 பேர், எடுக்காதவர்களில் 100க்கு 7 பேர். அந்த மூன்று பேரில் ஒருவராக உங்கள் பக்கத்து வயல்காரரை நினையுங்கள். 2024இல் கொக்ரேன் அமைப்பு இப்படியான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆதாரத்தின் உறுதி மிகக் குறைவு என்றே சொன்னது. என் கணிப்பில், சேற்றுக்குள் இறங்கும் கிழமைகளில் போடுவதுதான் புத்தி. ஆனால் குளிசை போட்டாச்சு என்ற தைரியத்தில் காய்ச்சலோடு வீட்டில் கிடப்பது, போடாமல் விடுவதைவிட மோசம்.

ஏனென்றால் இந்த நோயில் ஆளைக் கொல்வது பிந்துவதுதான். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சிலர் இறந்தது ஞாபகம் இருக்கும். பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான அனுராதபுரத்திலும் 2011 வெள்ளத்தோடு இது பரவியது. வரண்ட வலயம் என்று நாங்கள் இருந்துவிட முடியாது.

வயலில் இறங்கி 2 நாளில் இருந்து 30 நாள் வரைக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், திடீரென்று காய்ச்சல் காயும். தலையிடி, கண் சிவப்பு (பீளை வராது), கெண்டைக்காலைக் கை வைத்து அமத்த விடாத நோ. அன்றைக்கோ அடுத்த நாளோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேட்காவிட்டாலும் “நான் வயலில் இறங்கினவன், கிழமைக்குளிசையும் போட்டவன்” என்று சொல்லுங்கள். எஞ்சியிருக்கும் குளிசையால் நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம். தடுப்பு அளவு வேறு. சிகிச்சைக்கு 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, 7 நாள். நோய் முற்றினால் ஊசி. முதல் கிழமையில் இரத்தத்தில் எதிர்ப்புடல் (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள்) பரிசோதனை பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். அந்தத் துண்டைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு பரசிற்றமோல் 500 மில்லிகிராம் 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8க்கு மேல் இல்லை. கால் நோவுக்கு என்று கடையில் கலந்து கட்டித் தரும் சரை வேண்டாம். அதற்குள் டைக்குளோபெனாக் என்ற நோ மருந்து இருந்தால் ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. டெங்கு என்றாலும் அது ஆபத்துத்தான். சிறுநீரை ஒரு லீற்றர் போத்தலில் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தது அரைப் போத்தலுக்குக் குறைவாக இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ விடியட்டும் என்று இருக்காமல் மாங்குளம் ஆஸ்பத்திரிக்கோ மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ வாகனம் பிடியுங்கள்.

பூட்ஸ் விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. உழுத சேற்றில் அது கழன்று நின்றுவிடும். ஆனால் வாய்க்கால் துப்புரவாக்கும்போதும், வரம்பிலும், மாட்டுப் பட்டியிலும் போடலாம். பேரில் எலி இருந்தாலும் மாடு, எருமையின் சிறுநீராலும் இது பரவும். கட்டாக்காலி மாடு படுத்தெழும்பும் வாய்க்காலில் எலிப்பாஷாணம் வைத்துப் பயனில்லை. கிருமி உள்ளே போகும் முக்கிய வழி உங்கள் குதி வெடிப்பு. விதைப்புக்கு ஒரு மாதம் முதலே இரவில் காலை ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து, வாசலின் பூசிச் சப்பாத்து மேசு போட்டுப் படுத்தால் வெடிப்பு மூடிவிடும். சேறு பட்ட புறங்கையால் கண் வியர்வையைத் துடைக்கிறீர்களே, அதுவும் ஒரு வாசல். தோளில் துவாய் போடுங்கள். வேலை முடிந்து அதே வாய்க்கால் தண்ணீரில் கால், முகம் கழுவி வாய் கொப்பளிக்கும் பழக்கத்தை விட்டு, வீட்டுக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மனைவிக்கு இந்தக் குளிசை வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தடுப்புக்காக இதைக் கொடுப்பதில்லை. உங்கள் சரையில் இருந்து பங்கு கொடுத்துவிடாதீர்கள். இந்தப் போகம் அவ சேற்றுக்குள் இறங்காமல் விடுவது நல்லது; இறங்கியே ஆகவேண்டும் என்றால், காலில் புண் இல்லாத நாட்களில், தண்ணீர் வடித்த பாத்தியில் மட்டும். அவவுக்குக் காய்ச்சல் வந்தால் பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடிய பென்சிலின் வகை மருந்துகள் இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் கொடுப்பதை முதல் வசனத்திலேயே வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.