வெள்ளியங்கிரி ஏறினா ஹம்ப்டா பாஸ் ஏறிடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

எங்க கம்பெனில ஒம்பது பேர் சேர்ந்து செப்டம்பர்ல ஹிமாச்சல்ல ஹம்ப்டா பாஸ்ங்கற மலைக் கணவாய்க்கு ட்ரெக் போறோம். எனக்கு 46 வயசு, மத்தவங்கல்லாம் முப்பதுக்குள்ள. வெள்ளியங்கிரி மூணு தடவ ஏறியிருக்கேன், அந்த தைரியத்துல பேர் குடுத்துட்டேன். சமாளிச்சுடுவேனா, இல்ல பசங்களுக்கு பாரமா ஆயிடுவேனா?
- வாசகர், திருப்பூர்

வெள்ளியங்கிரி ஏறி இறங்குன முட்டின்னா முட்டியப் பத்தி எனக்கு கவலையே இல்லைங்க. ஆனா அது ஒரு ராத்திரி கதை, தடிய ஊனிக்கிட்டு ஏறி சாமி கும்பிட்டு இறங்கி மறுநாள் வீட்டுல குப்புறப் படுத்து தூங்கிடலாம். இங்க நேத்து வலிச்ச காலோடயே இன்னிக்கும் நடக்கணும், நாளைக்கும் நடக்கணும். இன்னொண்ணு, ஏழாவது மலை உச்சியே ரெண்டாயிரம் மீட்டருக்குள்ளதான், மணாலி ஊரே கிட்டத்தட்ட 2,050 மீட்டர்ல இருக்கு. அதாவது நீங்க இதுவரைக்கும் ஏறுன உசரத்துக்கும் மேல போய்தான் இந்த ட்ரெக்கே ஆரம்பிக்குது. பாஸ் சுமார் 4,270 மீட்டர், அங்க நம்ம ஊர்ல மூச்சுக்கு கிடைக்கிற ஆக்சிஜன்ல 60% கிட்டதான் கிடைக்கும். ஜிம் பாடியா தொப்பையான்னெல்லாம் அது பாக்காது. வயசு கம்மியா இருக்குங்கறதும் ஒரு காப்பு இல்ல, மொத நாளே ஓட்டப்பந்தயம் மாதிரி ஏறுற பையன் ரெண்டாம் நாள் ராத்திரி டென்ட்டுக்குள்ள தலையப் புடிச்சிட்டு உக்காந்திருப்பான்.

என் கதையையே சொல்றேன். பாலு கா கேரா கேம்ப், 3,600 மீட்டர் இருக்கும், மறுநாள் காலையில பாஸ் ஏறணும். சாயங்காலத்துல இருந்தே எனக்கு பின்மண்டையில வலி, சோறு பிடிக்கல. வாயத் திறக்கல. சொன்னா கீழ அனுப்பிடுவாங்க, நம்மால குரூப்புக்கே தொந்தரவுன்னு ஒரு அசட்டு ரோஷம். கைடு என் தட்டுல மிச்சம் இருந்த கிச்சடியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு. ஒண்ணும் திட்டல, பக்கத்துல உக்கார வெச்சு தண்ணி குடிக்க வெச்சாரு, விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினாரு, காலையில வலி கூடியிருந்தா ஒரு ஆள் துணையோட நீங்க கீழதான்னு முடிவா சொல்லிட்டாரு. நல்லவேளை குறைஞ்சிருந்துச்சு. தலவலி, குமட்டல், பசியின்மை இதோட மேல ஏறவே கூடாது. தடுமாறி நடந்தா, உக்காந்த இடத்துலயே மூச்சு வாங்கினா, அப்ப விடியற வரைக்கும் காத்திருக்கறது கூட தப்பு, ராத்திரியானாலும் இறங்கிடணும். அதுக்கு மருந்தே இறங்கறதுதான். உசரத்துல வர்ற இந்தக் கோளாறுக்குப் போடற டயமாக்ஸ் மாத்திரைய நண்பர் குடுத்தாருன்னு போட்டுக்காதீங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா மறக்காம சொல்லிடுங்க.

அதனால பாரமா ஆகறவரு மெதுவா நடக்கறவரு இல்லைங்க, உடம்புக்கு முடியலன்னு மறைக்கறவருதான். உங்க ஒம்பது பேர்ல யாரு மெதுவோ அவர முன்னாடி விடுங்க. பின்னாடி விட்டா என்ன ஆகும்னா, முன்ன போனவங்க உக்காந்து ரெஸ்ட் எடுப்பாங்க, அவரு மூச்சு வாங்கிட்டு வந்து சேர்றப்ப இவங்க கிளம்பிடுவாங்க, பாவம் அவருக்கு மட்டும் ரெஸ்டே கிடைக்காது.

அடல் டனல் வழியா கார்ல சீக்கிரமே அந்தப்பக்கம் போயிடலாமே, எதுக்கு நாலஞ்சு நாள் நடக்கணும்?
- வாசகர், தேனி

நியாயமான கேள்விதான்! 2020 அக்டோபர்ல திறந்தாங்க, 9 கிலோமீட்டர், ஹம்ப்டா பாஸ் இருக்கற அதே பீர் பாஞ்சால் மலைத்தொடருக்கு அடியிலதான் போகுது. தாராளமா போங்க. ஆனா நீங்க தேனிக்காரரு, உங்களுக்கு ஈசியா புரியும். மூணார்ல மழையில நனைஞ்சிட்டு கிளம்பி போடிமெட்டு இறங்கினா போடியில வெயில் கொளுத்துதுல்ல, அதே கதைதான். மழை மேகத்த மலை தடுத்துடுது. குலு பக்கம் தேவதாரு மரம், புல்லு, ஆட்டுமந்தை ஓட்டிட்டு வர்ற கத்தி (Gaddi) இன இடையருங்க. பாஸ் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினா மரமே கிடையாது, பழுப்பு மலையும் கல்லும்தான். டனல்ல லைட் போட்டு அணைச்ச மாதிரி டக்குனு மாறிடும். நடக்கறப்ப மரம் குட்டையாகி, அப்புறம் புதராகி, புல்லாகி, கடைசியில வெறும் பாறையா ஆகறத ஒவ்வொரு அடியா பாத்துக்கிட்டே போவீங்க.

ஆத்த கடக்கணும்னு சொல்றாங்களே, நீச்சல் தெரியணுமா?
- வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். நீஞ்சற தண்ணியே இல்ல அது, கால வெச்ச உடனே மரத்துப் போற பனித்தண்ணி. பாஸ் தாண்டி வர்ற ஷியா கோரு கேம்ப்ல காலையிலேயே கடக்க வெப்பாங்க, வெயில் ஏற ஏற மேல பனி உருகி மத்தியானம் தண்ணி கூடிடும். கைகோத்துக்கிட்டு கடங்க, ஷூவ கழட்டி பைல கட்டிட்டு பட்டை வெச்ச சாண்டல் போட்டுக்கங்க. வெறுங்கால் வேண்டாம், கல்லு வழுக்கும்.

புது ஷூ வாங்கிட்டேன், ட்ரெக்லதான் மொத மொதல்ல போடணும்னு பத்திரமா வெச்சிருக்கேன்.
- வாசகர், சேலம்

இன்னிக்கே போடுங்க சார், கடைக்குப் போறப்ப கூட போடுங்க. ஒரு மாசமாவது பழகாத ஷூ ரெண்டாம் நாளே குதிகால்ல கொப்புளம் போட்டுடும்.

மகள் தனியா ஒரு ட்ரெக் குரூப்போட போறா, போன் கிடைக்குமா?
- ஒரு அம்மா, மதுரை

ஜோப்ராவுல நடக்க ஆரம்பிச்சதும் சிக்னல மறந்துடுங்கம்மா. கிளம்பறதுக்கு முன்னாடியே எந்த நாள் எந்த கேம்ப்புன்னு பேப்பர்ல எழுதி வாங்கி வெச்சுக்கங்க, குரூப் ஆபீஸ் நம்பரும் வாங்கிக்கங்க. லிஸ்ட்ல சத்ருன்னு ஒரு ஊரு வரும், பேரப் பாத்து பதறாதீங்க, நடை அங்கதான் முடியுது. அங்கிருந்து வண்டியில மணாலி வந்து சேர்ந்ததும் அவளே கூப்பிடுவா, அதுவரைக்கும் நீங்க இருபது தடவ அடிச்சாலும் ஸ்விட்ச் ஆஃப்னுதான் வரும்.