வாத்தியாரைக் கேளுங்கள்: லண்டனா, பெர்லினா?

போன இதழில் ஒரு வாசகர், "மேல்நாட்டு ஜனநாயகங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டிருந்தார். "ஜெர்மனி" என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பிவிட்டேன். தேவிபட்டினத்துக்கு இப்போது கட்டுக் கட்டாகக் கடிதம். பாதிக்கு மேல் லண்டன் கட்சி. நம் கரையோரத்தில் லண்டனில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு, ஆகவே ஆச்சரியமில்லை. இந்த இதழ் முழுக்க இதுதான். கருவாட்டுக்கு எலி வராமலிருக்க வழி கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வாசகி, மண்டபம்: என் அக்கா ஜெர்மனியில், சித்தி மகன் லண்டனில். 2024 ஜூலையில் லண்டனில் வியாழக்கிழமை ஓட்டுப் போட்டு வெள்ளிக்கிழமையே புதுப் பிரதமர் வந்துவிட்டார். அக்கா ஊரில் 2025 பிப்ரவரி 23-ல் தேர்தல், மே 6-ல்தான் புது ஆட்சி. தம்பி இதைச் சொல்லிச் சொல்லி அக்காவைப் போனில் கேலி செய்கிறான். நீங்களும் அக்கா பக்கமா வாத்தியாரய்யா?

அக்கா பக்கம்தான் அம்மா. ஆனால் தம்பி சொல்வதில் பொய் இல்லை. கேலிக்கு இன்னும் தோதாக நானே ஒன்று தருகிறேன். 2017 செப்டம்பர் 24-ல் அங்கே தேர்தல். மெர்கல் நான்காவது முறையாகச் சான்சலராக, அதாவது அந்நாட்டுப் பிரதமராக, பதவியேற்றது 2018 மார்ச் 14-ல். 171 நாள்! அத்தனை நாளும் பழைய அமைச்சரவையே வேலையைப் பார்த்துக்கொண்டது. ரயிலும் ஓடியது, பள்ளிக்கூடமும் நடந்தது.

லண்டனில் ஏன் ஒரே ராத்திரியில் முடிகிறது? நம்மூர்க் கணக்குத்தான் அங்கேயும். 650 தொகுதி. யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்.பி. மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு விழுந்ததுதான், யாருக்கும் பிரயோஜனமில்லை. 2024-ல் லேபர் கட்சி வாங்கியது 33.7 சதவீதம், கிடைத்தது 411 இடம். ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி ஐந்து இடத்தோடு நின்றது. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடம். ஒருவர் ஓட்டு நாடெங்கும் சிதறிக் கிடந்தது, மற்றவர் ஓட்டு சில தொகுதிகளில் குவிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு ஓட்டு. இடது பக்கம் தொகுதி வேட்பாளருக்கு, வலது பக்கம் கட்சிக்கு. வலது பக்கத்து ஓட்டுத்தான் எஜமான். மொத்தம் 630 இடமும் அந்தக் கணக்குப்படிதான் பங்கு பிரிகிறது. அண்மையில் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். விளைவு, 2025 தேர்தலில் தொகுதியில் முதலிடம் வந்தும் 23 பேர் எம்.பி. ஆகவில்லை. கட்சிக்கு உரிய பங்கு அதற்குள் நிரம்பிவிட்டதாம். நம் பக்கம் இப்படி நடந்தால், வாங்கி வைத்த சரவெடியை என்ன செய்வது?

இன்னொரு கறார் விதியும் உண்டு. நாடு முழுக்க ஐந்து சதவீதம் தொட வேண்டும், அல்லது மூன்று தொகுதிகளில் முதலிடம் வர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வர முடியாது. சாரா வாகன்க்னெக்ட் என்ற அம்மையாரின் கட்சி 2025-ல் வாங்கியது 4.98 சதவீதம். ஏறக்குறைய 9,500 ஓட்டில் மொத்தமும் போயிற்று. டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சிக்கு மட்டும் இந்த ஐந்து சதவீதத் தடை கிடையாது. அவர்களுக்கு ஓர் எம்.பி. இருக்கிறார்.

இப்படிப் பிரித்தால் தனிப் பெரும்பான்மை வருவது அபூர்வம். 1957-ல் அப்போதைய சான்சலர் அடெனாவர் அணிக்கு வந்தது, அதற்கப்புறம் யாருக்கும் வரவில்லை. ஆக உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். எந்த வரி, எந்தச் சட்டம், யாருக்கு எந்த இலாகா என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலி. 2025-ல் போட்ட கூட்டணி ஒப்பந்தம் 144 பக்கம். நம் கூட்டணி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் தொகுதி எண்ணிக்கைதான் இருக்கும், ஒரே தாளில் அடங்கிவிடும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

வாசகர், கீழக்கரை: தங்கை மகன் லெஸ்டரில் படிக்கிறான். இந்திய பாஸ்போர்ட்தான். அங்கே தனக்கு ஓட்டு உண்டு என்கிறான். யாரோ ஏமாற்றுகிறார்களோ சார்?

ஏமாற்று இல்லை, உண்மைதான். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் முறைப்படி விசா வாங்கி பிரிட்டனில் குடியிருந்தால், 18 வயது ஆகியிருந்தால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. சாம்ராஜ்ய காலத்து மிச்சம் இது. பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டை காட்டச் சொல்கிறார்கள், இந்திய பாஸ்போர்ட்டே போதும். உள்ளே மெஷின் கிடையாது. தாள் ஒன்று, நூலில் கட்டிய பென்சில் ஒன்று. பெருக்கல் குறி போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நம் மருமகனிடம், பேனா கொண்டுபோனாலும் செல்லும் என்று சொல்லுங்கள். பென்சிலை நம்பாத ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் இந்தச் சலுகை இல்லை. குடியுரிமை வாங்கினால்தான் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு. 2024-ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, ஐந்து வருடம் வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் லண்டனுக்கே என் மார்க்.

வாசகர், பாம்பன்: லண்டனில் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவில் நிரந்தரமாக இருப்பவர் யார்?

லாரி. 2011-ல் எலி பிடிக்க வந்த பூனை. கேமரன், மே, ஜான்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

கல்லூரி மாணவர், தொண்டி: நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? இதில் ஜெர்மனி என்ன உசத்தி?

தம்பி, நான் ஜெர்மனி என்று எழுதியதே இதற்காகத்தான்.

முதலில் லண்டனுக்குப் போவோம். 1979 மார்ச் 28. கேலகன் என்ற லேபர் பிரதமர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அங்கே ஓட்டுப் போடுவது நடந்துதான். ஆதரவுக்கு ஒரு தாழ்வாரம், எதிர்ப்புக்கு ஒரு தாழ்வாரம், வாசலில் தலையை எண்ணுவார்கள். எழ முடியாத நோயாளி எம்.பி. வளாகத்துக்குள் ஆம்புலன்ஸில் வந்து கிடந்தாலே போதும், அவர் ஓட்டையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆல்ஃபிரட் பிரௌட்டன் என்ற லேபர் எம்.பி. அன்றைக்கு யார்க்‌ஷயரில் மரணப் படுக்கையில் இருந்தார். வழியிலேயே உயிர் போய்விடக்கூடும் என்பதால் கூட்டிவரவில்லை. வட அயர்லாந்திலிருந்து ஃபிராங்க் மகுவைர் என்ற சுயேச்சை அவ்வளவு தூரம் வந்தார். மதுக்கடை நடத்தியவர். ஓட்டுப் போடாமல் இருப்பதற்காகவே நேரில் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். கணக்கு 311-க்கு 310. ஒரே ஓட்டில் ஆட்சி போயிற்று. மே மாதத் தேர்தலில் தாட்சர் வந்தார். பிரௌட்டன் அதற்கு முன்பே, அந்த ஓட்டெடுப்பு நடந்த சில நாளிலேயே இறந்துபோனார்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஏப்ரல் 17, 1999 நினைவுக்கு வராது, நீ பிறந்திருக்க மாட்டாய். உன் அப்பாவைக் கேள். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் 269-க்கு 270 என்று தோற்ற நாள். தோற்கடித்த 270 பேரும் சேர்ந்து ஒருவரைப் பிரதமராக்க முடிந்ததா? முடியவில்லை. நாடு மறுபடியும் தேர்தலுக்குப் போனது.

இங்கேதான் ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. சான்சலரை இறக்க வேண்டுமானால், "இவர் வேண்டாம்" என்று மட்டும் தீர்மானம் கொண்டுவர முடியாது. "இவருக்குப் பதில் இன்னார்" என்று பெயரோடு கொண்டுவந்து, அந்தப் பெயருக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டும். படகில் இருப்பவனை இறங்கச் சொல்வதற்கு முன்னால் ஏற வேண்டிய படகைக் காட்டு என்பதுதான் விதி. ஹிட்லருக்கு முந்தைய குடியரசில், ஆட்சியைக் கவிழ்க்க மட்டும் கைகோத்து, ஆளக் கூடமாட்டாத கட்சிகளைப் பார்த்து நொந்துபோனவர்கள் 1949-ல் எழுதிய சட்டம் இது.

1972-ல் சான்சலர் வில்லி பிராண்டை இறக்க எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்ஸெல் என்பவர் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். தேவை 249, கிடைத்தது 247. ரகசிய ஓட்டு. பார்ட்ஸெலுக்கு ஓட்டுப் போடாமலிருக்க 50,000 மார்க் வாங்கியதாக அவருடைய கட்சி எம்.பி. ஒருவரே மறுவருடம் சொன்னார். ஆக, காசு விளையாடாத ஊர் என்று எண்ண வேண்டாம். 1982 அக்டோபர் 1-ல் ஷ்மிட்டை இறக்கிவிட்டு கோல் வந்தார். இந்த விதிப்படி வெற்றி பெற்றது இதுவரை அந்த ஒரே முறைதான். கோல் அப்புறம் 16 வருடம் நகரவில்லை.

1949 முதல் 2025 வரை ஜெர்மனியில் பத்து சான்சலர்கள். அதே காலத்தில் லண்டனில் பிரதமர் பதவியில் இருந்தவர்கள் 18 பேர். அதில் லிஸ் ட்ரஸ் 50 நாள்கூட முழுசாக இல்லை. லண்டனில் ஆளை இறக்குவது பெரும்பாலும் எதிர்க்கட்சி அல்ல, சொந்தக் கட்சி.

நம் நாட்டுக்கும் ஜெர்மன் விதி வேண்டும் என்று, நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசியல் சட்ட மறுஆய்வுக் குழு 2002-லேயே சொல்லியாயிற்று. அறிக்கை தூங்குகிறது. பரீட்சைக்கு இதை எழுதினால் மார்க் போடுவார்களா என்று கேட்டு இன்னொரு கார்டு போடாதே.

வாசகர், திருப்பாலைக்குடி: 2024-ல் நம் ராமநாதபுரம் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். கூடவே அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். என் அப்பத்தா குழம்பிப்போனார். அங்கெல்லாம் இந்தக் கூத்து உண்டா?

உண்டு. 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல், இங்கிலாந்தில் டெவன் பக்கம். லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு எதிராக ஹக்கெட் என்ற ஒருவர், தன் பெயருக்கு நேரே "லிட்டரல் டெமாக்ரட்" என்று போட்டுக்கொண்டு நின்றார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர்களின் பாடு என்ன ஆகும்? பத்தாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். உண்மையான லிபரல் வேட்பாளர் தோற்றது வெறும் 700 ஓட்டில். அதற்குப் பிறகுதான், 1998-ல், கட்சிப் பெயரைப் பதிவு செய்து காக்கும் சட்டம் வந்தது. ஜெர்மனியில் எஜமான் ஓட்டு கட்சிக்குப் போவதால், ஒரே பெயரில் ஆள் நிறுத்தி லாபமில்லை. நம்மூரில் 2015 முதல் வேட்பாளர் படத்தையும் மெஷினில் ஒட்டுகிறார்கள். அப்பத்தாவிடம் அடுத்த முறை முகத்தைப் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள்.

வாசகர், தங்கச்சிமடம்: கச்சத்தீவை 1974-ல் அரசு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிரிட்டனோ ஜெர்மனியோ இப்படி ஒரு தீவைக் கொடுத்திருக்க முடியுமா?

நீங்கள் கேட்ட இரண்டு நாட்டுக்கும் நடுவிலேயே ஒரு தீவு கைமாறியிருக்கிறது. வட கடலில் ஹெலிகோலாண்ட். பிரிட்டன் 1807-ல் டென்மார்க்கிடம் பிடித்தது. 1890-ல், ஆப்பிரிக்காவில் சான்ஸிபார் பக்கத்து உரிமைகளுக்கு ஈடாக ஜெர்மனிக்குக் கொடுத்தது. பிரதமர் சாலிஸ்பரி, நாடாளுமன்றத்தில் அதற்கென ஒரு சட்டமே நிறைவேற்றினார். தீவுக்காரர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. விக்டோரியா மகாராணிக்கே அதில் வருத்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடி பிரிட்டன் கையில். 1947-ல் ஆயிரக்கணக்கான டன் வெடிமருந்தை வைத்து அங்கிருந்த கோட்டைகளைத் தகர்த்தார்கள். 1952 மார்ச் 1-ல்தான் தீவு திரும்ப ஜெர்மனிக்குப் போனது, மக்களும் குடியேறினார்கள்.

இன்றைய நிலை கேட்டால், லண்டனில் 2010 சட்டப்படி வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பொதுவாக 21 அமர்வு நாள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். மக்கள் சபை ஆட்சேபித்தால் தள்ளிப்போகும். ஓட்டெடுப்பு கட்டாயமில்லை. ஜெர்மனியில் 59-ஆம் பிரிவுப்படி, அரசியல் உறவைத் தொடும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டே ஒப்புதல் தர வேண்டும். அமைச்சர் எழுந்து அறிக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் வேலை முடியாது. வலைபோடப் போய் மாட்டிக்கொள்ளும் உங்களுக்கு எந்த முறை வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாசகர், ஏர்வாடி: உங்கள் ஜெர்மனி முறையால்தான் 2025-ல் ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 20.8 சதவீதம் வாங்கி 152 இடம் பிடித்தது. லண்டன் முறை வலதுசாரி ரிஃபார்ம் கட்சியை ஐந்து இடத்தில் நிறுத்தியது. எது பாதுகாப்பு?

வந்த கடிதங்களில் இதுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. 14 சதவீதம் வரைக்கும் லண்டன் முறை பாதுகாப்புத்தான். அதே கட்சி 33 சதவீதத்துக்கு ஏறினால்? லேபர் கட்சிக்கு 411 கொடுத்த கணக்கு அவர்களுக்கும் கொடுக்கும். யாரையும் கேட்காமல் முழு ஆட்சி. பிரிட்டனில் எழுதித் தொகுத்த அரசியல் சட்டமும் கிடையாது, நாடாளுமன்றத்தில் போட்ட சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் கிடையாது. ஜெர்மனியில் 33 வாங்கினாலும் பாதி இடம் வராது, இன்னொரு கட்சி கைகொடுத்தால்தான் சான்சலர் நாற்காலி. இப்போதைக்கு மற்ற கட்சிகள் தேசிய அளவில் அவர்களோடு கூட்டில்லை என்கின்றன. அது எத்தனை தேர்தலுக்குத் தாங்கும் என்ற பயம் எனக்கும் உண்டு. 2025 மே 6-ல் சான்சலரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டபோது, மெர்ட்ஸையே முதல் சுற்றில் சொந்தக் கூட்டணிக்காரர்கள் காலை வாரினார்கள். தேவை 316, விழுந்தது 310. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாம் சுற்று வைத்து 325 வாங்கித்தான் பதவியேற்றார்.