சீனப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியராக வேலை செய்வது எப்படி இருக்கும்?

பணம் சேர்க்கும் நோக்கத்தோடு போகிறவருக்கு இந்த வேலை பொருந்தாது. கற்பிப்பதில் உண்மையான விருப்பமும், நெடுநாள் தனித்திருக்கும் பொறுமையும் உள்ளவருக்கு இதைப் போன்ற நல்ல வேலை எளிதில் அமையாது. கான்சு மாகாணத்தின் தலைநகரான லான்சோவில், பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆங்கிலப் பேச்சு வகுப்புகளை நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பெய்ஜிங், ஷாங்காய் நகரங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் நிலைமை பல வகையில் வேறுபடும்.

முதலில் தகுதி. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் ஒரே வேலை அனுமதி முறை நடைமுறையில் உள்ளது. அதன்படி ஆங்கிலம் கற்பிப்பவர் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடொன்றின் குடிமகனாகவும், இளங்கலைப் பட்டமும் இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் உள்ளவராகவும், அறுபது வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் கனடியக் கடவுச்சீட்டுதான். என்னைவிட நன்றாக ஆங்கிலம் கற்பிக்கக்கூடிய இந்திய, இலங்கை நண்பர்கள் பலருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பது இன்றும் எனக்கு அநியாயமாகவே படுகிறது. பட்டச் சான்றிதழையும் காவல்துறைச் சான்றிதழையும் தூதரகம் வரை கொண்டு சென்று உறுதிப்படுத்தும் அலைச்சல் இப்போது குறைந்திருக்கிறது. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள், அதாவது தூதரக உறுதிப்பாடு இல்லாமலே பிறநாட்டு ஆவணங்களை ஒரே சான்றோடு ஏற்கும் ஏற்பாட்டுக்குள், வந்துவிட்டன. வேலைக்கான இசட் விசாவில் நுழைந்த பிறகு முப்பது நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; குடியேறிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இவற்றையெல்லாம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு விவகார அலுவலகமே பெரும்பாலும் உடன்வந்து முடித்துக் கொடுக்கும்.

சம்பளம் தனியார் பயிற்சி மையங்களும் சர்வதேசப் பள்ளிகளும் தருவதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் வளாகத்துக்குள்ளேயே இலவச வீடு, விமானப் பயணச் செலவு, சீனப் புத்தாண்டையொட்டி நீண்ட குளிர்கால விடுமுறை, கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் என்று வேறு வகையில் அது ஈடாகிறது. எனக்கு வாரத்துக்குப் பதினாறு பாடவேளைகளே இருந்தன. 2021 ஜூலையில் பள்ளி மாணவர்களுக்கான தனிப்பயிற்சித் தொழிலை அரசு கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகு, நிலையான வேலை என்ற அளவில் பல்கலைக்கழகப் பணிக்கு மதிப்புக் கூடியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: லான்சோ வடக்கில் இருப்பதால் நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை கட்டடங்களுக்கு மைய வெப்பமூட்டல் உண்டு, சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே பெரும்பாலும் கிடையாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம்.

துறைக்குள் வெளிநாட்டு ஆசிரியர் மதிப்புக்குரிய விருந்தாளி. பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கும் கூட்டங்களுக்கு அவர் அழைக்கப்படுவதில்லை. தேசிய நாள் விடுமுறைக்கு ஈடாக எந்த சனி, ஞாயிறு வேலை நாளாகும் என்பதுகூட வகுப்புத் தலைவரான மாணவி, சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டில் அனுப்பும் செய்தியிலிருந்துதான் எனக்குத் தெரியவரும். முதலாண்டு மாணவர்கள் கட்டாய இராணுவப் பயிற்சி முடித்து எந்த வாரம் வகுப்புக்கு வருவார்கள் என்பதும் அப்படியே. எழுத்து, இலக்கணம், தேர்வு எல்லாம் சீன ஆசிரியர்களின் பொறுப்பு. பேச்சு மட்டும் உங்களுடையது. பல வேளைகளில் பாடநூலும் இருக்காது. ஜப்பானோடு நடந்த போர்க்காலத்தில் பெய்ஜிங்கைவிட்டு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தோடு மெங்சிக்கும் குன்மிங்குக்கும் சென்ற ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எம்ப்சன், புத்தகங்கள் இல்லாமல் கவிதைகளை நினைவிலிருந்தே தட்டச்சு செய்து கற்பித்தார் என்பதை அந்நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் குறுக்கிடாத அந்த இடத்தில் ஆசிரியர் நினைத்தால் முழுப் பாடத்தையும் தானே கட்டியெழுப்பலாம். நினைக்காவிட்டால் படம் போட்டுக் காட்டியே பருவத்தைக் கழிக்கவும் முடியும், அதையும் எவரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது வகையினரால் மாணவர்கள் இழப்பது மிக அதிகம்.

வகுப்பறையின் அமைதி பற்றித்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் குறைப்படுவார்கள். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் கேள்வி கேட்டால் ஒரு கையும் உயராது. இதை அறியாமை என்றோ ஆர்வமின்மை என்றோ கொள்வது பெரும் பிழை. 2001க்குப் பிறகு மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்து வந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்களில் 150 ஆங்கிலத்துக்குரியது. ஆனால் அந்த மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது எழுத்துத் தேர்வே. பல்கலைக்கழகத்தில் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்விலும் 710க்கு 425 எடுத்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். பேச்சுத் தேர்வு தனியானது, விரும்பியவர் மட்டும் எடுப்பது. பத்தாண்டுக்கு மேலாக எவரும் கேட்டிராத குரலை, அயல்நாட்டவர் ஒருவர் முன், வகுப்புத் தோழர் அனைவரும் பார்த்திருக்கப் பிழையோடு வெளிப்படுத்துவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணிவு என்பதை ஆசிரியர் உணர வேண்டும்.

ஆகவே நான் தனியாளைக் கேள்வி கேட்பதைத் தவிர்த்தேன். முதலில் எழுத நேரம், பிறகு பக்கத்திலிருப்பவரோடு பேச்சு, அதன்பின் இருவரின் கருத்தாக ஒருவர் சொல்வது என்று வகுப்பை அமைத்தேன். பொருளையும் அவர்களுடைய ஊர்களிலிருந்தே எடுத்தேன். லண்டன் உணவகத்தில் சாப்பாடு கேட்பது எப்படி என்ற பாடத்தில் உறங்கிய வகுப்பு, அதே மாகாணத்தின் தியன்ஷுயியிலுள்ள ஆப்பிள் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னபோது விழித்துக்கொண்டது. வறட்சிக்குப் பெயர்போன திங்சியிலிருந்து வந்த ஒரு மாணவி, முற்றத்தில் விழும் மழையை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து ஆண்டு முழுவதும் குடும்பம் பயன்படுத்தும் முறையை, கரும்பலகையில் படம் வரைந்து கால்மணி நேரம் விளக்கினாள். வினைச்சொற்களின் காலங்கள் பலமுறை தடுமாறின. ஒருவரும் சிரிக்கவில்லை, கேள்விகள் வந்தன. இவர்களில் பெரும்பாலோர் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அவர்கள் அச்சமின்றி வாய் திறந்தால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் திறப்பார்கள் என்பதே எனக்கு இந்த வேலையின் பொருளாக இருந்தது.

அன்றாட வாழ்க்கை கடினமானதல்ல. லான்சோவின் காலை உணவு மாட்டிறைச்சி நூடுல்ஸ். அதை உண்ணாத எனக்குத் தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்கியதும், மெல்லிய குச்சிகளாகச் சீவி வினிகர் விட்டு வதக்கிய உருளைக்கிழங்கும் வளாக உணவகத்தில் நாள்தோறும் கிடைத்தன. கூகுள், யூடியூப், வாட்சாப் மூன்றும் அங்கே முடக்கப்பட்டவை; வீட்டாரோடு பேச வீசாட்டை முன்கூட்டியே அவர்கள் கைபேசியிலும் நிறுவிவையுங்கள். தோலின் நிறம் பற்றிக் கேட்பீர்கள் என்றால், வேலை தேடியபோது ஒரு முகவர் என் புகைப்படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மாணவர்களிடம் அப்படியொரு தயக்கத்தை நான் காணவில்லை. தனிமைதான் உண்மையான சுமை, குறிப்பாக மாணவர்கள் ஊருக்குப் போய் வளாகம் காலியாகும் புத்தாண்டு வாரங்களில். சீன மொழியை முதல் மாதத்திலிருந்தே படிக்கத் தொடங்கினால் அது பாதியாகக் குறையும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வாரப் பாடவேளை எத்தனை, ஒரு வகுப்பில் எத்தனை பேர், விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, வீட்டில் வெப்பமூட்டல் இருக்கிறதா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே இப்போது பணியாற்றும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு பேசவும் அனுமதி கேளுங்கள். அதற்குத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதே நல்லது.