நீர்ப்பூங்காவுக்குக் கண்ணாடிக் குவிமாடம் தேவையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறைகளாக வசித்துவரும் குடும்பம் எங்களுடையது. தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். தேவனஹள்ளியைத் தாண்டி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் 12 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் கூரைக்குள் அமைந்த பெரிய நீர்ப்பூங்கா ஒன்றையும், அதையொட்டி ஸ்பாவும் தங்கும் அறைகளும் கொண்ட ரிசார்ட் ஒன்றையும் கட்டுவதென்று பெரியப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் முடிவெடுத்திருக்கிறார்கள். கன்சல்டன்ட் ஜெர்மனியின் டிராப்பிகல் ஐலண்ட்ஸ் படங்களைக் காட்டி, நாற்புறமும் மூடிக் குளிரூட்டிய கண்ணாடிக் குவிமாடத்தைப் பரிந்துரைத்திருக்கிறார். நாளொன்றுக்கு 2,000 பேர் வருவார்கள் என்பது கணக்கு.

எனக்கு இரண்டு குழப்பங்கள். 2024 மார்ச்சில் டேங்கருக்காக மக்கள் குடத்தோடு நின்ற ஊரில் இப்படியொன்றைக் கட்டலாமா? வீட்டில் கேட்டால், “உனக்கு எதற்கு இந்தக் கவலை” என்கிறார்கள். அடுத்து, அந்த வரைபடங்களில் நான் எதைப் பார்க்க வேண்டும்? நான் படித்தது வணிகவியல். நீங்கள் கட்டடங்களின் நீர், காற்று அமைப்புகளில் நெடுங்காலம் பணியாற்றியவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்., அல்சூர்

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். நீர்ப்பூங்காவில் நாம் காணும் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டிகளின் வழியாகத் திரும்பத் திரும்பச் சுழன்றுவரும் ஒரே தண்ணீர்தான். வடிகட்டிகளைக் கழுவவும், ஆவியாகிப் போவதை ஈடுகட்டவும், குளிப்பவர்கள் விட்டுச்செல்லும் அழுக்கின் செறிவைக் குறைக்கவும் தினமும் புதுநீர் சேர்க்க வேண்டியிருக்கும். ஆளுக்கு 30 லிட்டர் புதுநீர் என்பது ஜெர்மானிய நீச்சல்குள விதிமுறையில் உள்ள அளவு. 2,000 பேருக்கு 60,000 லிட்டர் ஆகிறது. குளத்தில் இறங்குமுன்னும் ஏறியபின்னும் ஷவரில் ஆளுக்கு 50 லிட்டர் என்று கொண்டால் இன்னும் ஒரு லட்சம். ஆக, அறைகளையும் சமையலறையையும் சேர்க்காமல், நாளுக்கு 1,60,000 லிட்டர். நம் நகரங்களில் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 1,200 பேர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செலவு. அத்தகைய குடியிருப்புகள் தேவனஹள்ளிச் சாலையில் ஆண்டுதோறும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கட்டுகிறவர்களில் ஒருவரும் உங்களைப் போலக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதி நான் கண்டதில்லை.

எனவே அளவை மட்டும் வைத்துக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பெங்களூரின் காவிரிநீர், மண்டியா மாவட்டத்தில் நீரேற்று நிலையம் இருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம், படிப்படியாக அரைக் கிலோமீட்டர் உயரம் பம்பு செய்யப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டம் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவந்தாலும், அது நகர எல்லையில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களை மனத்தில் வைத்துத் தீட்டப்பட்டது. அந்தக் குழாய் உங்கள் நிலத்துக்கு வரும் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். அப்படியே வந்தாலும், 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் நீச்சல்குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தத் தடைவிதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை நினைவில் கொள்ளுங்கள். அதுபோன்ற இன்னொரு கோடை வந்தால் முதலில் கைவைக்கப்படுவது உங்கள் தொழிலாகத்தான் இருக்கும். மிஞ்சுவது போர்வெல்லும் டேங்கரும். டேங்கர் என்பது வேறு யாரோ ஒருவருடைய போர்வெல்தான். உங்கள் வட்டாரத்திலோ நிலத்தடி நீர் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுகிறது.

மழைநீர் கைகொடுக்குமா? பெங்களூரின் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. 10,000 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேமித்தால் 77 லட்சம் லிட்டர், அதாவது உங்கள் பூங்காவுக்கு ஏழு வாரத் தண்ணீர். வாகன நிறுத்தத்திலும் தோட்டத்திலும் விழுவதையும் குட்டை வெட்டித் தேக்கி, ஷவர் நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் திருப்பினால் டேங்கர் செலவு கணிசமாகக் குறையும். இந்தக் குட்டை உங்கள் கன்சல்டன்டின் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் வரைந்திருப்பது வேறு ஏதோ ஊருக்கு.

அந்தச் சந்தேகம் குவிமாடத்தைப் பற்றிப் படித்தபோதே எனக்கு வந்துவிட்டது. டிராப்பிகல் ஐலண்ட்ஸ் யாரும் நீர்ப்பூங்காவுக்கென்று கட்டிய கட்டடம் அல்ல. பெர்லினுக்குத் தெற்கே, கார்கோலிஃப்டர் என்ற நிறுவனம் சரக்கு ஏற்றும் ஆகாயக் கப்பல்களைச் செய்வதற்காக எழுப்பிய கொட்டகை அது. 360 மீட்டர் நீளம், 210 மீட்டர் அகலம், 107 மீட்டர் உயரம். நிறுவனம் 2002இல் நொடித்துப்போனது. மலேசிய முதலீட்டாளர்கள் கட்டடத்தை வாங்கி 2004 டிசம்பரில் பூங்காவாகத் திறந்தார்கள். அவர்களுக்குக் கூரை தயாராகக் கிடைத்தது; வெளியே ஆண்டில் பாதி நாள் குளிர் வாட்டியது. உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை. ஜப்பானில் மியசாகி நகரின் ஓஷன் டோம் 1993இல் உலகின் மிகப் பெரிய உள்ளரங்க நீர்ப்பூங்கா என்ற பெயரோடு, உண்மையான கடற்கரைக்குப் பக்கத்திலேயே திறக்கப்பட்டு, 2007இல் மூடப்பட்டது. கன்சல்டன்டுகள் அதன் படத்தைக் காட்டுவதில்லை.

குளிர்நாட்டில் மூடிய குளத்தின் காற்றை உலர்த்துவது ஒப்பீட்டளவில் எளிது. வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை இழுத்துச் சூடாக்கி உள்ளே விட்டால் போதும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை வெளிக்காற்று சுமந்துவரும் ஈரம், 30 டிகிரியில் உள்ளே நாம் வைத்துக்கொள்ள விரும்பும் ஈரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதை எவ்வளவு இழுத்து விட்டாலும் உள்ளே உலராது. ஆகவே குளங்களிலிருந்து ஆவியாகும் நீரையெல்லாம் இயந்திரத்தைக் கொண்டே பிழிந்தெடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் செலவாகிறது. நான்காயிரம் சதுர மீட்டர் நீர்ப்பரப்பில், ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், ஏறத்தாழ பத்தாயிரம் லிட்டர் ஆவியாகலாம். மார்ச், ஏப்ரலில் கண்ணாடிவழி இறங்கும் வெயிலைக் குளிரூட்டும் செலவு தனி. பெங்களூரின் காற்று இலவசமாகத் தரும் சுகத்தை அடைத்துவிட்டு மின்கட்டணம் கட்டி உள்ளே செய்துகொள்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

என் பரிந்துரை: குளங்களுக்கு உயரமான நல்ல கூரை மட்டும் போடுங்கள், சுவர் வேண்டாம். மழை, வெயில் இரண்டுக்கும் அது போதும். காற்று அடிக்கும் பக்கத்தில் சுருட்டி இறக்கும் திரைகள் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி மாலைகளில் ஈர உடம்போடு நிற்பவர்களுக்குக் குளிரும் என்பது உண்மை. தூசியும் பறவைகளும் வரும். திறந்த குளத்தில் வெப்ப இழப்பும் கூடும், அதனால் இரவில் குளத்தை விரிப்பால் மூட வேண்டியிருக்கும். குளிர்கால மாலைகளில் ஒரு மணிநேரம் முன்பே மூடிவிடுவது குவிமாடம் கட்டுவதைவிட மலிவு. ஸ்பாவை மட்டும் சிறியதாக மூடிக் கட்டுங்கள்.

எப்படியும் குவிமாடம்தான் என்று பெரியப்பா உறுதியாக நின்றால், கூரைக்குள் எந்த உலோகம் எதைத் தாங்கித் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகர நீச்சல்குளத்தில் 1985 மே மாதம் கான்கிரீட் உட்கூரை அப்படியே குளத்தின்மேல் விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்தவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். குளத்திலிருந்து எழும் குளோரைடு கலந்த ஈரம் மேலே படிந்து, மழையும் துடைப்பமும் எட்டாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் செறிந்து, வெளியே பெரிய துரு எதுவும் காட்டாமலே கம்பியில் விரிசலை வளர்த்துவிட்டது. “எஸ்.எஸ். போட்டாச்சு, இனி கவலையில்லை” என்று நம் ஒப்பந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஊஸ்டர்தான் நினைவுக்கு வரும். உட்கூரைக்கு மேலே ஆள் நடந்து பார்வையிட நடைமேடை இல்லாத வரைபடத்தில் கையெழுத்திடாதீர்கள். மாஸ்கோவின் டிரான்ஸ்வால் பூங்காவிலும் 2004 பிப்ரவரியில் கூரை இடிந்து 28 பேர் இறந்தார்கள். கணக்கைச் சரிபார்க்க வேறொரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்துவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து, பிளான்ட் ரூம், அதாவது நீரைச் சுத்திகரித்துச் சுழற்றும் இயந்திரங்களின் அறை. ஸ்லைடுகளுக்கு நான்கு வண்ணங்களும் பிளான்ட் ரூமுக்கு மூலையில் ஒரு சின்னச் சதுரமும் ஒதுக்கியிருந்தால் அந்த வரைபடம் விற்பனைக்கானது. வடிகட்டிகள், பம்புகள், குளத்திலிருந்து வழிவதை ஏந்தும் பேலன்சிங் டேங்க், குளோரின் வைப்பதற்குத் தனிக் காற்றோட்டமுள்ள அறை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். பம்பைக் கழற்றி வெளியே எடுக்க வழியும் வேண்டும். நம் ஊர்ப் பூங்கா ஒன்றில் ஞாயிறு மாலை பம்புக்கு முன்னாலுள்ள வலைக்கூடையைத் திறப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்: கைப்பிடியளவு முடி, பருத்தித் துணியின் பிசிறுகள், ஹேர்பின்கள், ஒற்றைக் கொலுசு, எல்லாவற்றின்மேலும் தேங்காயெண்ணெயின் வழவழப்பு. ஐரோப்பியக் கணக்கில் வாங்கிய வடிகட்டி இதைத் தாங்காது. நீச்சலுடை கட்டாயம், தலைகழுவாமல் உள்ளே விடுவதில்லை என்ற இரண்டு விதிகளையும் முதல்நாளிலிருந்தே நடத்த வேண்டும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடையைக் குளோரின் வாடை என்கிறோம். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களின் வாடை. குளிப்பவர்களைக் கழுவி அனுப்பினால் அது பெரிதும் அடங்கும், மூடிய குவிமாடத்தில் அது அடங்காவிட்டால் ஊழியர்களின் நுரையீரலைப் பாதிக்கும்.

ஸ்பாவில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். வெதுவெதுப்பான நீரில் வளர்ந்து, நுண்துளிகளின் வழியாக நுரையீரலுக்குள் போவது அது. நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெலில் 1999இல் ஒரு மலர்க்கண்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்டிருந்த குமிழித் தொட்டியின் அருகே நடந்துபோனவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் யாரும் அதில் இறங்கக்கூட இல்லை. சூடான தொட்டிகளுக்குத் தனி வடிகட்டி, தனிக் குளோரின் அளவீடு வேண்டும். பெரிய குளத்தின் சுற்றோடு இணைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவை. விமான நிலையத்தின் அருகில் என்பதால் ஸ்லைடு கோபுரங்களின் உயரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கன்சல்டன்ட் இவற்றை அறிந்திருப்பார்.

கன்சல்டன்டுக்கு அடுத்த தவணை கொடுப்பதற்குமுன் ஒரு வேலையை மட்டும் செய்துவிடுங்கள். உங்கள் நிலத்திலுள்ள போர்வெல்களை ஏப்ரல் கடைசியில், மழைக்கு முன்பு, மூன்று நாட்கள் தொடர்ந்து ஓட்டி மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று ஒரு நிலநீரியலாளரைக் கொண்டு அளந்து எழுதி வாங்குங்கள். அந்தத் தாளையும் பிளான்ட் ரூம் வரைபடத்தையும் எனக்கு அனுப்பினால், எத்தனை பேருக்கான பூங்காவை அந்த நிலம் தாங்கும் என்று பெரியப்பாவிடம் காட்டக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்