வைரஸ் போய்விட்டது, தழும்பு போய்விட்டதா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி தொற்று பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: ரத்த தானம் செய்யப் போனபோது ‘எச்.சி.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று சொல்லி ரத்தம் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் ‘நாட் டிடெக்டட்’ என்று இருக்கிறது. எதை நம்புவது?

ப: இரண்டையும் நம்பலாம். எச்.சி.வி. என்பது ஹெபடைட்டிஸ் சி வைரஸ். இந்த வைரஸை உங்கள் உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதை, அதை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆன்டிபாடி சொல்கிறது. இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். தொற்றியவர்களில் 100க்கு 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். சில சமயம் ஆன்டிபாடி பரிசோதனை தவறாகவே பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.

ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் கவனியுங்கள். ‘நாட் டிடெக்டட்’ என்பதும் ‘15 ஐ.யு.வுக்குக் குறைவு, டிடெக்டட்’ என்பதும் ஒன்றல்ல (ஐ.யு. என்பது வைரஸ் அளவைச் சொல்லும் அலகு). இரண்டாவது, வைரஸ் இருக்கிறது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். அப்படி வந்தால் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஊசி குத்தியது போன்ற புதிய சம்பவமாக இருந்தால் நிலைமை தலைகீழ். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆன்டிபாடி உருவாக 8 முதல் 11 வாரம் ஆகும். அதற்குள் ஆன்டிபாடி மட்டும் பார்த்துவிட்டு ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியடையக் கூடாது.

கே: என் வைரல் லோடு 40 லட்சம். சிகிச்சைக்கு வரும் இன்னொருவருக்கு 80 ஆயிரம்தான். எனக்குத்தான் பாதிப்பு அதிகமா?

ப: அப்படிச் சொல்ல முடியாது. ஹெபடைட்டிஸ் சி-யில் வைரஸின் எண்ணிக்கைக்கும் கல்லீரல் சேதத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 80 ஆயிரம் உள்ளவருக்குச் சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம் இருக்கலாம். 40 லட்சம் உள்ளவருக்குக் கல்லீரலில் தழும்பே இல்லாமல் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது தழும்பின் அளவை. அதற்குக் காகிதமும் பேனாவும் போதும். ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கை, ஆயிரக்கணக்கில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 68, எஸ்.ஜி.பி.டி. 81, பிளேட்லெட் 1,10,000 என்று வைத்துக்கொள்வோம். 52 × 68 = 3536. 81இன் வர்க்கமூலம் 9; 110 × 9 = 990. வகுத்தால் 3.57.

1.45க்குக் கீழே வந்தால் தீவிரத் தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 3.25க்கு மேலே போனால் அதிகம். இடையில் வந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் 12.5 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலும் சிரோசிஸ்தான். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்தக் கணக்கு அவ்வளவாகச் சரிவராது.

கே: சோஃபோஸ்புவிர்–வெல்பாடஸ்விர் மாத்திரை 12 வாரம் எழுதித் தந்திருக்கிறார்கள். அசிடிட்டிக்கு ஏற்கெனவே ஓமிப்ரசோல் போடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா? ஒரு நாள் மறந்துவிட்டால்?

ப: இந்தச் சிகிச்சை தோற்பது அரிது; அப்படித் தோற்கக் காரணமாகும் விஷயங்களில் நீங்கள் கேட்டதும் ஒன்று. வெல்பாடஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஓமிப்ரசோல் அந்த அமிலத்தையே அடக்கிவிடும். முடிந்தால் அந்த 12 வாரமும் ஓமிப்ரசோலை நிறுத்தி வைப்பது நல்லது. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நிறுத்தவே முடியாது என்றால் வைரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு முதலில் போட்டு, நான்கு மணி நேரம் கழித்து ஓமிப்ரசோல், அதுவும் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். ஜெலுசில் போன்ற ஆன்டாசிடுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மறந்த மாத்திரை 18 மணி நேரத்துக்குள் நினைவுக்கு வந்தால் உடனே போடலாம். அதைத் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின் இவற்றோடு இந்த மாத்திரை ஒத்துவராது. அவை ரத்தத்தில் இந்த மாத்திரையின் அளவை இறக்கிவிடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்களுக்குத் துடிப்பு அபாயமான அளவுக்குக் குறையலாம். சாப்பிடும் எல்லா மருந்தின் பட்டியலையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

முதல் மாத்திரைக்கு முன் ஹெபடைட்டிஸ் பி-க்கும் ரத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். உள்ளே அடங்கிக் கிடக்கும் பி வைரஸ், சி வைரஸ் போனதும் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கியதுண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது இதைத்தான்.

கே: வீட்டில் தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா? குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

ப: தட்டைப் பிரிக்க வேண்டாம். ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவற்றைப் பிரியுங்கள். இந்த வைரஸ் பரவுவது ரத்தத்தால். காம்பு வெடித்து ரத்தம் வராதவரை பால் கொடுக்கலாம்.

கே: ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-க்கு ஏன் இல்லை?

ப: வைரஸின் குணம் அப்படி. தன் ஆர்.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது பிழை திருத்தும் வழி அதற்கு இல்லை. அதனால் பிரதிக்குப் பிரதி மாற்றம். அதிலும் ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய மேலுறைப் பகுதிதான் மிக வேகமாக மாறுகிறது.

ஆய்வுக்கே இது லேசில் பிடிகொடுக்கவில்லை. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று பெயரில்லாமல் 1970களில் அலைந்த நோய்க்கு, மைக்கேல் ஹௌட்டன் குழு 1989இல் வைரஸைக் கண்ணால் பாராமலே அதன் மரபணுத் துண்டைப் பிடித்தது. ஆய்வகச் செல்களில் முழுமையாக வளர்க்க 2005 வரை ஆனது. அதுவும் ஜப்பானிய நோயாளி ஒருவரிடம் கிடைத்த ஒரு வகையை வைத்து. ஹௌட்டனுடன் ஹார்வி ஆல்ட்டர், சார்லஸ் ரைஸ் ஆகியோரும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நோயெதிர்ப்புக்கான டி செல்களைத் தூண்டும் ஒரு தடுப்பூசியைப் போதை ஊசி போடுபவர்களிடம் சோதித்த முடிவு 2021இல் வெளியானது. தொற்றியவர்களிடம் வைரஸ் எட்டிய உச்ச அளவு குறைந்தது. ஆனால் தடுப்பூசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் தொற்று நிலைத்துவிட்டவர்கள் தலா 14 பேர். தடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரையில் குணமானவருக்கும், வைரஸ் இப்படி மாறுவதால்தான், காப்பு இல்லை: ஆன்டிபாடி ஆயுள் முழுக்க இருக்கும், மறுபடி தொற்றவும் செய்யும்.

கே: மாத்திரை முடித்து 12 வாரம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை, குணம் என்றார்கள். சிரோசிஸ் இருந்ததால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். என் ஃபிப்-4 இப்போது இறங்கிவிட்டதே, நிறுத்திவிடலாமா?

ப: நிறுத்தாதீர்கள். முன்பு சொன்ன 52 வயதுக்காரரையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து வயது 53, எஸ்.ஜி.ஓ.டி. 26, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 1,18,000. கணக்குப் போட்டால் 2.34 வருகிறது. 3.57இலிருந்து இறங்கியது எதனால்? பிளேட்லெட் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. இறங்கியது என்சைம்கள், அதாவது வீக்கம் அடங்கியிருக்கிறது. தழும்பு கரைய வருடக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகக் கரைவதும் இல்லை. ஃபைப்ரோஸ்கேனிலும் இதே ஏமாற்றம் உண்டு; வீக்கம் வற்றினாலே கிலோபாஸ்கல் குறைந்துவிடும்.

வைரஸ் நீங்கியதும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் சிரோசிஸ் வந்துவிட்ட கல்லீரலில் அது பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. ஆறு மாத ஸ்கேன் அதற்காகத்தான்: கட்டி சிறிதாக, அகற்றக்கூடிய அளவில் இருக்கும்போதே பிடிக்க. கூடவே கல்லீரல் புற்றுநோய்க்கான ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் உணவுக்குழாய் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபியும் தேவைப்படலாம்.

சிகிச்சைக்கு முன் எடுத்த ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். புது மருத்துவரிடம் போகும்போது இன்றைய ரிப்போர்ட்டைக் காட்டினால் அவர் நார்மல் என்று நினைத்து விட்டுவிடக்கூடும். பழையதைப் பார்த்தால்தான் ஸ்கேன் எழுதித் தருவார்.