ரேடியேஷனுக்குப் பிறகு கட்டி வளர்ந்துவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. மூளையில் கிளியோபிளாஸ்டோமா கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் ரேடியேஷனும் டெமோசோலமைட் மாத்திரையும் கொடுத்தார்கள். அது முடிந்து ஐந்தாவது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆனால் அவர் நன்றாக நடக்கிறார், பேசுகிறார். மருந்து வேலை செய்யவில்லை, நிறுத்திவிடு என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது டாக்டர்?

பதில்: இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. ரேடியேஷன் முடிந்த முதல் மூன்று மாதங்களில் வரும் ஸ்கேன் பல குடும்பங்களை இப்படித்தான் கலங்க வைக்கிறது.

எம்.ஆர்.ஐ.க்கு முன் கையில் ஒரு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருப்பார்கள். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது. சாதாரணமாக அந்த மருந்து அதைத் தாண்டிக் கசியாது. கட்டியின் குழாய்கள் ஓட்டையானவை, அதனால் அங்கே கசிந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். சரி, ரேடியேஷன் பட்ட இடம்? அங்கேயும் குழாய்கள் புண்பட்டு, வீங்கி, கசியும். இரண்டும் படத்தில் ஒரே வெள்ளைதான். கட்டி வளராமலே வளர்ந்ததுபோல் தெரியும் இதைப் பொய் வளர்ச்சி என்கிறோம். உங்கள் கணவருக்குக் கொடுத்ததுபோன்ற சிகிச்சைக்குப் பிறகு 100 பேரில் ஏறக்குறைய 20, 30 பேருக்கு இது வருகிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (கட்டியின் ஒரு மரபணுவில் காணும் மாற்றம்) பாசிட்டிவ் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருப்பவர்களுக்குப் பொய் வளர்ச்சி அதிகம் வரும். மாத்திரையும் அவர்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும்.

மூளைக் கட்டி சிகிச்சைக்கு எப்படி இருக்கிறது என்று மதிப்பிட டாக்டர்கள் பயன்படுத்தும், 2010-இல் வந்த ரேனோ வரையறையே, ரேடியேஷன் முடிந்த 12 வாரத்துக்குள், கதிர் பட்ட பகுதிக்குள்ளேயே வெள்ளை கூடியிருந்தால் அதை மட்டும் வைத்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. அதனால் உங்கள் டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: புதிய வெள்ளை கதிர் பட்ட எல்லைக்குள் இருக்கிறதா, வெளியேயா?

நிஜமாகவே வளர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அவர் தெம்பாக இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் அதுவே தீர்ப்பு ஆகாது. பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் எவ்வளவு என்று தெரியும். உயிருள்ள கட்டியில் பொதுவாக அது கூடுதலாக இருக்கும். அப்புறம் நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ஒரு ஸ்கேன். பொய் வளர்ச்சியானால் பெரும்பாலும் நாளாக ஆகச் சுருங்கும், அல்லது அப்படியே நிற்கும். எந்த ஒரு பரிசோதனையும் நூற்றுக்கு நூறு சொல்லாது. சிலருக்குத் திரும்பத் திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் முடிந்தவுடன் எடுத்த ஸ்கேனிலிருந்து எல்லா ஸ்கேன் பட டிஸ்க்குகளையும் கொண்டு போங்கள். ஒவ்வொரு கவர் மேலும் ஸ்கேன் எடுத்த தேதியையும், அன்று டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) எத்தனை மில்லிகிராம் என்பதையும் பேனாவால் எழுதி வையுங்கள். ஸ்டீராய்டைக் குறைத்திருந்தால் வீக்கம் கூடி, படமே மாறிப்போகும். அந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

தலைவலி கூடுவது, வாந்தி, எழுப்பினாலும் அரைத்தூக்கமாகவே இருப்பது, வலிப்பு, கை கால் புதிதாகத் தளர்வது: இதில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.