சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் ஏன் இத்தனை உள்ளூர்ச் சொற்கள்? எல்லாருக்கும் புரியும் பொதுத் தமிழில் எழுதினால் என்ன?

நீங்கள் இங்கே வேலைக்கு வந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் கேள்வியைப் பார்த்ததும் என் தொடக்கநிலை நான்கு கட்டுரை நோட்டுதான் கண்முன் வந்து நின்றது.

"காலையில் அப்பாவும் நானும் கோப்பிக் கடையில் பசியாறினோம்" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் 'பசியாறினோம்' மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, 'சிற்றுண்டி உண்டோம்' என்று திருத்தினார். கோப்பியும் காப்பி ஆனது. அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பார். அப்படியானால் அப்பா பேசுவதே தப்பா? நோட்டை அவரிடம் காட்டவில்லை. அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இருபது வருடம் கழித்து, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை நின்றபடி புரட்டினேன். ஒரு பெரியவர் பேரனிடம் "பசியாறிட்டியா?" என்கிறார். அங்கேயே உட்கார்ந்து முழுக் கதையையும் படித்தேன்.

அப்போ இலக்கணமே வேண்டாமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தேர்வில் 'சிற்றுண்டி' என்று எழுதத்தான் என் மகளுக்கே சொல்லித் தருகிறேன். கதை வேறு. லிட்டில் இந்தியாவில் சந்தை இருக்கும் தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர் அது. 1980களில் புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அதையே மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று வைத்தார்கள். அம்மா வாயில் அது ஒருநாளும் வரவில்லை. மீன் வாங்கவும் பூ வாங்கவும் தேக்காவுக்குத்தான் போனார். 2000இல் கட்டடத்தின் பெயரே தேக்கா என்று மாறியது. அம்மா மாதிரி ஆட்களைப் பற்றி எழுதுகிறவர் வேறு எந்தச் சொல்லைப் போடுவார்?

உள்ளூர்ச் சொல் வாசகரை விரட்டிவிடாது. உண்மையில் விரட்டுவது நம் நூல் வெளியீட்டு விழாக்கள்தான். அண்மையில் ஒன்றுக்குப் போனேன். ஐந்து மணி என்று அழைப்பிதழ். ஏழரைக்குத்தான் புத்தகத்தைக் கண்ணில் காட்டினார்கள். வாழ்த்துரை, பொன்னாடை, மறுபடியும் வாழ்த்துரை. எழுதியவருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். என் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு ஆறவே இல்லை.

சரி, எந்தக் கதையில் எந்தச் சொல் புரியவில்லை என்று கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.